முன்படுக்கைக்கு அடியில்

ஜனவரி 6, திங்கள்

லுமுட் வந்து சேர்ந்துவிட்டேன். பினாங்கிலிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரம். இடுப்பு இடுப்பாக இல்லை.

படகுத் தளம் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது. ‘பொருநை’ கரையில் முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கிறது. முப்பத்தெட்டு அடி இரும்புப் படகு. என் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வருஷம் ஒரு ஜெர்மன்காரரிடம் வாங்கினார். தூத்துக்குடியில் இதை நிறுத்த வசதியில்லை என்று மலேசியாவிலேயே விட்டிருந்தார். நாற்பது வருஷம் கப்பல் இன்ஜின் அறையில் கிடந்த மனுஷருக்கு அப்புறமும் கடல்தான் வேண்டியிருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை வருவார், ஓட்டுவார், கறுத்துப்போய் வீடு திரும்புவார்.

போன மார்ச்சில் லங்காவியிலிருந்து தனியாக வரும்போது அடித்தகட்டில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறியது. ஒரு மரக்கட்டையை அடித்துச் செருகிவிட்டு, பதினோரு மணி நேரம் கைப்பம்பு அடித்தபடி வந்திருக்கிறார். படகைக் கரையேற்றிய அன்று சாயங்காலம் தளத்திலேயே விழுந்தார். வலது பக்கமும் பேச்சும் போயின. பத்து மாதமாகிறது. பேச்சு இப்போது ஒன்றிரண்டு வார்த்தை வருகிறது.

மார்ச்சுக்குள் தண்ணீரில் இறங்காவிட்டால் படகை வெட்டி இரும்புக்குப் போட்டுவிடுவோம் என்று தளத்துக்காரர் கடிதம் போட்டிருந்தார். போகட்டும் விடுங்கள் என்றாள் மகள் மங்கை. அவர் மூன்று தடவை தலையை ஆட்டினார், இல்லை என்று. ஆகவே அவரை மங்கையிடம் விட்டுவிட்டு அறுபத்து மூன்று வயதில் நான் ஏணி ஏறிக்கொண்டிருக்கிறேன்.

தனபாலன், இங்கே வெல்டிங் வேலை செய்கிறவர், உள்ளே வந்து எல்லாம் திறந்து காட்டுவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். நானே போய், படகின் முன்பக்க அறையில் இருக்கும் முன்படுக்கையின் பலகையைத் தூக்கி, அடியில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். கொஞ்சம் குப்பை இருந்தது, எடுத்துவிட்டேன். பக்கத்து அலமாரித் தட்டில் அவருடைய கட்டம் போட்ட கைக்குட்டை கிடைத்தது. துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

வேறு விசேஷமில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

காப்பி என்று ஒன்று கொடுக்கிறார்கள். குடித்தேன்.

ரஸாலி வந்தார். படகு பரிசோதகர், ஈப்போக்காரர், என்னிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார். இவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கை இல்லாமல் படகைத் தண்ணீரில் இறக்க முடியாது. அடித்தகட்டில் சாக்பீஸால் கட்டம் கட்டமாகக் கோடு இழுத்தார். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சின்னக் கருவியை வைத்து, தகட்டின் கனத்தை அந்த இடத்திலேயே எழுதினார். கரும்பலகையைப் பார்த்தது போல எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. புதிதில் ஐந்து மில்லிமீட்டராம். நாலு புள்ளி ஏழு, நாலு புள்ளி ஆறு என்று எல்லா இடமும் நன்றாகத்தான் இருந்தது. மரக்கட்டை செருகிய இடத்தைச் சுற்றி மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று புள்ளி ஒன்று.

வெளியிலிருந்து அரிக்கவில்லை, உள்ளே இருந்துதான் தின்றிருக்கிறது என்றார். டார்ச்சோடு முன்படுக்கைக்கு அடியில் தலையை விட்டவர், “யாரோ இங்கே தேய்த்திருக்கிறார்களே?” என்று கேட்டார். சுத்தமாக இருக்கட்டும் என்று நான்தான் தேய்த்தேன் என்றேன். அதுவும் உண்மைதானே.

தனபாலன்மேல் எனக்கு ஒரு பழைய மனத்தாங்கல் உண்டு. அவர் தள வேலையில் கெட்டிக்காரர் என்பதையும், என் வீட்டுக்காரர் விழுந்த அன்று தன் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவர் அவர்தான் என்பதையும் எழுதிவைக்கிறேன். மனத்தாங்கலை எழுத வேண்டியதில்லை.

ஜனவரி 9, வியாழன்

தள முதலாளி ஓங், ரஸாலி, தனபாலன், நான், நாலு பேரும் படகுக்கு அடியில் நின்றோம். தேய்த்த பிறகும் மூலையில் பச்சைக் கறை கொஞ்சம் மிச்சமிருந்ததாம். செம்புக் கறை. அங்கே வெகுநாள் செம்பு கிடந்திருக்கிறது என்றார் ரஸாலி.

அந்த இடத்துக்குப் பக்கத்தில் கடைசியாக வேலை செய்தது யார் என்று ஓங் கேட்டார். அவருக்கே தெரியும். நாலு வருஷத்துக்கு முன்னால் பக்கத்துச் சட்டம் ஒன்றை வெல்டிங் செய்தது தனபாலன்தான். வெல்டிங் கேபிளிலிருந்து செம்புக் கம்பித் துணுக்குகள் விழுந்திருக்கும், கூட்டாமல் விட்டிருப்பார் என்று முடிவாகிவிட்டது.

“நான் வேல முடிஞ்சா கூட்டிப் பெருக்கி, காந்தம் வச்சி எல்லாத்தையும் எடுத்துட்டுத்தான் லா எறங்குவேன்” என்றார் தனபாலன், முதலில் என்னிடம் தமிழில், பிறகு ஓங்கிடம் மலாயில். இங்கே பேச்சுக்கு நடுவே சும்மா ஒரு ‘லா’ போடுகிறார்கள்.

காந்தத்தில் செம்பு ஒட்டாதே என்றார் ஓங்.

அவர்கள் போன பிறகு தனபாலன் என்னிடம் கேட்டார். “செம்பு கெடந்தா இரும்பு ஏன் டீச்சர் சாவணும்?”

முப்பத்திரண்டு வருஷம் பதினோராம் வகுப்புக்கு எடுத்த பாடம். சொன்னேன். உப்புத் தண்ணீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டு கிடந்தால் செம்புக்கு ஒன்றும் ஆகாது, இரும்புதான் கரையும். அதற்காகத்தான் படகுக்கு வெளியே துத்தநாகக் கட்டி மாட்டுகிறோம். இரும்புக்குப் பதிலாக அது கரையட்டும் என்று. ஆனால் வெளியே மாட்டின கட்டி, உள்ளே தேங்குகிற தண்ணீருக்கு உதவாது.

கவனமாகக் கேட்டுக்கொண்டார். நல்ல மாணவர். “சரி, ஆனா ரெண்டு துணுக்கு கம்பி போதுமா, இவ்ளோ எடத்த திங்க?”

“போதும்” என்றேன்.

பரீட்சையில் ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் மார்க் போட்டிருக்க மாட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

மழை. வேலை இல்லை. அறையை விட்டு வெளியே போகவில்லை.

ஜனவரி 11, சனி

அறிக்கை வரும்வரை தனபாலன் தளத்துக்குள் வேலை செய்யக் கூடாது என்று ஓங் சொல்லிவிட்டார். அறிக்கையில் அதே காரணம் வந்தால் பிறகு எப்போதுமே கிடையாது. இந்தக் கரையில் இது ஒன்றுதான் தளம். விஷயம் பரவி, அவருக்கு வேலை சொல்லியிருந்த வேறு இரண்டு படகுக்காரர்களும் வேண்டாம் என்றுவிட்டார்களாம், ஒருவர் பிரெஞ்சுக்காரர், ஒருவர் ஆஸ்திரேலியாக்காரர்.

பதினெட்டு வருஷமாக இங்கே வேலை செய்த மனுஷர், கருவிப் பெட்டியை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போயிருக்க வேண்டாம். போய்விட்டேன்.

“பசியாறிட்டீங்களா டீச்சர்?” என்றார். இங்கே காலைச் சாப்பாட்டைப் பசியாறுவது என்கிறார்கள்.

ஆயிற்று என்றேன். ஆகவில்லை.

“அந்த ஓட்டைக்கு மேல தகடு ஒட்டவிடாதீங்க. ஓங் அதான் சொல்லுவாரு, சுளுவா முடிஞ்சிரும்னு. உள்ள கெட்டது உள்ளயே இருந்துரும். யாரு செஞ்சாலும் வெட்டி எடுத்துட்டு புதுசு வைக்கச் சொல்லுங்க.”

தன் பிழைப்பில் மண் விழுந்த நேரத்திலும் என் படகுக்குத்தான் யோசனை சொல்கிறார்.

ஜனவரி 12, ஞாயிறு

வீட்டுக்குப் பேசினேன். மங்கை போனை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். சவரம் செய்துவிட்டிருக்கிறாள், தாடையில் ஒரு கீறல்.

“தனபாலன் போட்ட செம்புத் துணுக்குதான் காரணம்னு சொல்லுதாங்க, அத்தான். அவரை வேலையை விட்டு நிறுத்தியாச்சு” என்றேன்.

“இல்ல” என்றார். தெளிவாக வந்தது. மறுபடியும் “இல்ல, இல்ல” என்று இடது கையால் கட்டிலை அடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. என்னவோ சொல்ல வாயைக் கோணினார், வரவில்லை. “நா... நா...” என்பதோடு நின்றது.

“எம்மா, இதையெல்லாம் எதுக்கு அப்பாட்ட சொல்லுத? பிரஷர் ஏறிரும்” என்று மங்கை போனைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் என்ன சொல்ல வந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. தனபாலன்மேல் அவருக்குப் பிரியம் அதிகம், அதனால்தான் இருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தனபாலன் மனைவி மாலதி, தூக்கில் பொங்கலும் ஒரு துண்டுக் கரும்பும் கொடுத்தனுப்பியிருக்கிறாள். வெளியூரில் தனியாக இருக்கிறார்களே என்றாளாம்.

இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தூக்கைக் கழுவி, சும்மா திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று சீனி போட்டு வைத்திருக்கிறேன். சீனி கொடுத்தால் ஆயிற்றா?

ஜனவரி 17, வெள்ளி

மங்கை ஒரு படம் அனுப்பினாள். கோடு போட்ட தாளில் ஆங்கிலத்தில் இரண்டே வரி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து, வரி கீழே கீழே இறங்கிப் போயிருக்கிறது. ஓங் பெயருக்கு எழுதியிருக்கிறார்.

‘முன்படுக்கைக்கு அடியில் செம்பு வைத்தது நான். தனபாலன் மேல் தப்பில்லை.’ கீழே ‘ஆறுமுகநயினார், சீஃப் இன்ஜினியர்’ என்று கையெழுத்து.

“ரெண்டு நாளா எழுதுனாங்கம்மா, இடது கையால. கையைப் பிடிச்சு உதவுதேம்ப்பான்னா தட்டி விட்டுட்டாங்க. எத்தனை தாளு கிழிச்சாங்கன்னு கணக்கே இல்ல. நானே அந்த ஓங்குக்கு அனுப்பிட்டேன்” என்றாள் மங்கை.

ஓங் என்னைக் கூப்பிட்டு, கேப்டனே சொன்ன பிறகு பேச்சென்ன என்றார். தனபாலனை மறுபடி வரச் சொல்லியாயிற்று. ரஸாலி அறிக்கையில் ‘உரிமையாளரின் கவனக்குறைவு’ என்று போடப் போகிறார். தனபாலனுக்கு வேலை வந்துவிட்டது. படகும் இறங்கிவிடும். எல்லாருக்கும் நல்லதாக முடிந்தது. இந்த நோட்டை இதோடு மூடி வைக்கலாம்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் ‘என் தப்பு’ என்று அவர் வாயால் நான் கேட்டதில்லை. மங்கை கல்யாணப் பத்திரிகையில் தேதி மாறிப்போனபோது காலண்டர் அச்சடித்தவனைத் திட்டினாரே தவிர, தான் பார்க்காமல் விட்டதாகச் சொல்லவில்லை. அவருடைய இன்ஜின் அறையில் தரையில் சாப்பாட்டை வைத்துச் சாப்பிடலாம் என்பார்கள். அந்த மனுஷர் கையெழுத்துக்குக் கீழே சீஃப் இன்ஜினியர் என்று போட்டு, கவனக்குறைவு என்ற பெயரை வாங்கிக்கொண்டார்.

செம்பு விழுந்துவிட்டது என்றுகூட எழுதவில்லை. வைத்தேன் என்று எழுதியிருக்கிறார்.

ஜனவரி 20, திங்கள்

இன்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் தனபாலன் ஓட்டையைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு நீள்சதுரம் வரைந்தார். மூலைகளை வளைத்து வரைந்தார். மூலை கூராக இருந்தால் பிறகு அங்கேதான் விரிசல் விடுமாம். கிரைண்டர் போட்டு அரைமணி நேரத்தில் வெட்டினார். துண்டு ‘ணங்’ என்று கீழே விழுந்தது. சூடு ஆறட்டும் என்று காத்திருந்து, எடுத்து, உள்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“டீச்சர், இங்க வாங்க. கம்பித் துணுக்கு இப்படியா லா திங்கும்? நாலு மூலையா?”

அடிகோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு சதுரம், அதற்குள் மட்டும் இரும்பு கரைந்து பள்ளமாகியிருந்தது. பச்சைக் கறையைத்தான் என்னால் தேய்க்க முடிந்தது. இதை எப்படித் தேய்ப்பது?

“அண்ணன் கண்ட எடத்துல சாமான் போடுற ஆளே இல்ல. கடுதாசிய ஓங் நம்பிட்டாரு. எனக்கு மனசு ஒப்பல” என்றார்.

நான் கைப்பையைத் திறந்து அதை எடுத்தேன். வந்த நாளிலிருந்து பையில்தான் இருக்கிறது. அவர் கையிலிருந்த துண்டின் மேல் வைத்தேன். அச்சாகப் பொருந்தியது.

செம்புத் தகடு. எட்டு வருஷத்துக்கு முன்னால், என் வீட்டுக்காரர் முதன்முதலில் தனியாகக் கடலுக்குப் போனபோது காப்புக்கு மந்திரம் எழுதி வாங்கியது. ஏரல் பக்கம் ஒருவர் எழுதிக் கொடுப்பார். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, தெரிந்தவர்கள் யாரும் பார்க்காமல் போய் வாங்கினேன். அறிவியல் மன்றத்துக்கு நான் பொறுப்பாசிரியை. வெளியே தெரிந்தால் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பேன்? பெட்டியில் சேலைக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்து, படகின் ஆக ஆழமான இடம் எது என்று அவரிடமே பேச்சுவாக்கில் கேட்டு, அங்கே வைத்தேன். பாடம் எனக்குத் தெரியாமல் இல்லை. அவர் நடுக்கடலில் தனியாக நிற்பது கண்முன்னே வந்தபோது பாடம் நினைவுக்கே வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்தபோது பார்த்தேன். யாரோ அதைக் கறுப்பு ரப்பரில் திணித்து, இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டி, பசை போட்டு அடைத்திருந்தார்கள். சாமி எழுதிய தகட்டைப் போய் இப்படிச் செய்வார்களா என்று எனக்கு ஆத்திரம். பக்கத்தில் வேலை பார்த்த தனபாலன் செய்ததாகத்தான் நினைத்தேன். மனத்தாங்கல் அதுதான். கத்தரிக்கோலால் ரப்பரை வெட்டி எறிந்தேன். தகட்டைப் புளி போட்டுப் பளபளவென்று துலக்கி, அதே இடத்தில் வெறுமனே வைத்தேன்.

இதையெல்லாம் தனபாலனிடம் சொன்னேன். படகு நிழலில் அவர் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆறு நாளு டீச்சர்” என்றார். “ஆறு நாளு வீட்டுல உக்காந்திருந்தேன். எம் பொண்டாட்டியே கேட்டா, நெசமா நீங்க போடலையான்னு. அவளே கேட்டா. நீங்க தகடு வச்சது எனக்குப் பெருசில்ல. தெரிஞ்சிக்கிட்டே என்ன பாத்து ‘போதும்’னு சொன்னீங்க பாருங்க.”

தப்புதான் என்றேன். அவர் தகட்டைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ரப்பர் சுத்துனது நான் இல்ல. ஏழு வருஷம் இருக்கும், அண்ணன் எங்கிட்ட பழைய மோட்டார்சைக்கிள் டியூப் ஒன்னு கேட்டாரு. எதுக்குண்ணேன்னேன். வீட்டம்மா சாமான் ஒன்னு இருக்கு, தண்ணி படாம வைக்கணும்னாரு.”

நானும் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“இன்னொன்னும் இருக்கு. அன்னிக்கி வேன்ல போறப்ப பேச்சு கொளற ஆரம்பிச்சிருச்சி. ‘டீச்சர்ட்ட சொல்லாத, சொல்லாத’ன்னுகிட்டே வந்தாரு. வியாதிய சொல்லாதங்கறாருன்னு நெனச்சேன்.”

நான் இங்கே வந்த முதல் நாள் தகடு நான் வைத்த இடத்தில் இல்லை. அலமாரித் தட்டில், அந்தக் கட்டம் போட்ட கைக்குட்டையில் மடித்து இருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் பலகையைத் தூக்கிப் பார்த்திருக்கிறார். டியூப் இல்லை, தகட்டில் துலக்கிய கோடுகள் இருக்கின்றன. யார் துலக்கியது என்று கேட்கவா வேண்டும்? எடுத்துத் துடைத்து மடித்து வைத்துவிட்டு, பம்பைப் பிடித்திருக்கிறார். பதினோரு மணி நேரம்.

இது எனக்குக் கைக்குட்டையைப் பார்த்த அன்றே தெரியும். துவைத்துப் போட்டால் இல்லாமல் போய்விடுமா?

ஜனவரி 21, செவ்வாய்

மங்கையை அறைக்கு வெளியே போகச் சொல்லிவிட்டு அவரிடம் பேசினேன். தகட்டைப் போனுக்கு நேராகக் காட்டினேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

“வச்சதும் நாந்தான், டியூபை வெட்டுனதும் நாந்தான், அத்தான்.”

“தெரியும்” என்றார்.

“முதல்லயே தெரிஞ்சதுல்லா? நீங்க இன்ஜினியர். எடுத்துக் கடல்ல எறியாம ஏன் அதுக்கு டியூப் போட்டு வச்சீங்க?”

வாயைக் கோணிக் கோணிப் பார்த்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

“நீ... வச்சது” என்றார்.

நான் அழுதேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, “புளி?” என்று கேட்டார்.

“ஆமா, புளி போட்டுத்தான் துலக்குனேன்” என்றேன்.

இடது பக்க வாயால் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் ரத்தக் கொதிப்பு என்றுதான் சொன்னார், பம்பு அடித்ததால்தான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் இனி யாரிடமும் கேட்கப் போவதில்லை.

ஜனவரி 23, வியாழன்

ரஸாலியிடம், அறிக்கையில் காரணத்தை மாற்றி எழுதச் சொன்னேன். உரிமையாளரின் மனைவி, அவருக்குத் தெரியாமல் வைத்த செம்புத் தகடு. படித்துப் பார்த்து ஓர் எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். வேலை வேண்டாம் என்ற இரண்டு படகுக்காரர்களிடமும் நானே போய்ச் சொன்னேன். பிரெஞ்சுக்காரர் தனபாலனைக் கூப்பிட்டுவிட்டார். மற்றவர் ஏற்கெனவே வேறு ஆளைப் பிடித்துவிட்டாராம்.

தனபாலன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார். என்னிடம் பசியாறிவிட்டீர்களா என்று கேட்பதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

‘பொருநை’ இன்று தண்ணீரில் இறங்கியது.

கிரேன் பட்டைகளை முழுக்கத் தளர்த்தாமல் ஒரு மணி நேரம் தொங்கலிலேயே வைத்திருந்தார்கள், கசிந்தால் தூக்கிவிடலாம் என்று. தனபாலன் முன்படுக்கைப் பலகையைத் தூக்கி, தன் வெல்டிங்கை விரலால் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு, “நீங்களே பாருங்க” என்று இடம் விட்டார். மண்டி போட்டுக் குனிந்தேன். புதுத் தகடு சில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் கடல்.

செம்புத் தகடு கைப்பையில் இருக்கிறது. ஊருக்குப் போய் அவர் கையில் கொடுப்பேன். எங்கே வைப்பது என்று இந்தத் தடவை அவர் சொல்லட்டும்.

மங்கை அவரிடம் போனைக் கொடுத்தாள். அவர் கேட்டது ஒரே வார்த்தை.

“காஞ்சிருக்கா?”

அவருடைய கட்டம் போட்ட கைக்குட்டையை எடுத்து, புதுத் தகட்டின் மூலையெல்லாம் ஒற்றிப் பார்த்தேன். திருப்பிப் போட்டு இன்னொரு தடவையும் பார்த்தேன். அவர் காத்திருந்தார்.

“காஞ்சிருக்கு, அத்தான்” என்றேன்.